சீருடையில் வந்தவரை உடை மாற்றச் சொன்னோம்: இதில் என் பங்கு என்ன?

இரவுப்பணி | செவ்வாய், அதிகாலை 2.10

11 ஆண்டுகளாக விடுதி வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் இரவுப்பணிதான். கோபக்காரர்களையும் குடித்துவிட்டு வருபவர்களையும் சமாளித்திருக்கிறேன். ஆனால் போன வெள்ளிக்கிழமை நடந்தது மனதை விட்டுப் போக மறுக்கிறது.

இரவு 11 மணி இருக்கும். கீழ்த்தளக் கூடத்தில் ஒரு பெரிய விழா முடிந்து, பட்டும் நகையுமாக ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அப்போது ராணுவச் சீருடையில் ஒருவர் உள்ளே வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முதுகில் பெரிய பை, கையில் ஒரு பை. ஏற்கெனவே அறை பதிவு செய்திருந்தார். நான் படிவத்தை எடுப்பதற்குள் மேலாளர் பின்னால் வந்து, "விழாவுக்கு வந்தவர்கள் பார்த்தால் ஏதோ பிரச்சினை என்று பயப்படுவார்கள். உடை மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதுவரை பக்கத்தில் உட்காரட்டும்" என்று காதோடு சொன்னார்.

நான் அதை அப்படியே சொன்னேன். எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகத்தான் சொன்னேன்.

அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கூடத்தின் ஓரத்தில் இருந்த கழிவறைக்குள் போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது ஒரு சட்டை அணிந்திருந்தார். பையில் நெடுநாள் மடிந்து கிடந்த சட்டை. மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. காலில் மட்டும் அதே பூட்ஸ். வேறு காலணி இல்லை போலிருக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இரண்டு நாளாகப் பயணத்திலேயே இருக்கிறேன், மாற்ற நேரம் கிடைக்கவில்லை. மன்னிக்க வேண்டும்" என்றார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஒரு வணிக நிறுவனத்துக்கு இப்படிச் சொல்ல உரிமை உண்டா? மற்ற இடங்களில் எப்படி நடத்துகிறார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய பூட்ஸ் | செவ்வாய், காலை 6.05

சகோதரி, நான் 22 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவர் ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சீருடையில் இருக்கும்போது நாங்கள் சண்டை போட மாட்டோம். பயமோ பெருந்தன்மையோ காரணமல்ல. அந்த உடை எங்கள் சொந்த உடை அல்ல. நான் ஒரு கல்லாவுக்கு முன்னால் நின்று குரலை உயர்த்தினால், "ஒருவர் சத்தம் போட்டார்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "ராணுவக்காரன் சத்தம் போட்டான்" என்பார்கள். அந்தப் பேச்சு படைப்பிரிவு வரைக்கும் போகும். மேலதிகாரி முன்னால் நின்று விளக்கம் சொல்ல வேண்டி வரும். பயிற்சியின் முதல் மாதத்திலேயே இது மண்டையில் ஏறிவிடும். அதனால் டிக்கெட் கவுன்ட்டரானாலும் கடையானாலும் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவோம். சீருடையில் இருப்பவரைப் போல வளைந்து கொடுக்கும் வாடிக்கையாளர் வேறு யாரும் கிடைக்க மாட்டார். எங்களிடம் கடுமையாகப் பேசுபவர்களில் பலருக்கு இது தெரியும்.

இதற்கு நேரெதிரான கூத்தும் நடக்கும். ஒருமுறை மருந்துக்கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி. கையில் மருந்துச் சீட்டு வியர்வையில் நனைந்து துவண்டிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "ஐயா, நீங்கள் ஏன் வரிசையில் நிற்கிறீர்கள், முன்னால் வாருங்கள்" என்றார். அந்த அம்மாள் உடனே விலகி நின்றார்கள். வேண்டாம், அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. அவர் காட்டிய மரியாதையை நான் மறுத்துவிட்டதாக நினைத்தார். அந்த அம்மாளின் பத்து நிமிடத்தைப் பிடுங்கி எனக்குக் கொடுப்பதற்குப் பெயர் மரியாதையா?

நேரான பதில்: உங்கள் மேலாளர் செய்தது தவறு. அதைச் சொல்லும்படி உங்களை நிற்க வைத்தது இன்னொரு தவறு.

---

கல்லாப்பெட்டி | செவ்வாய், காலை 9.30

மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். நான் கடை வைத்திருப்பவன். ராணுவத்தினர் மேல் மரியாதை உள்ளவன். அவர்களுக்கென்று தள்ளுபடியும் தருகிறேன்.

ஆனால் ஒரு விடுதி மேலாளரின் நிலைமையை யோசியுங்கள். நூறு பேர் கூடியிருக்கும் இடத்தில் திடீரென்று சீருடை தெரிந்தால் "என்ன நடக்கிறது?" என்று ஒரு சலசலப்பு வரத்தான் செய்யும். ஆயுதம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்பார். சீருடை போட்டு ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். என் கடையிலேயே ஒருவன் அப்படித் தள்ளுபடி வாங்கிப் போனான், பிறகுதான் தெரிந்தது. கடை என்னுடையது, உள்ளே வருகிறவர் என்ன உடையில் வர வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா? கழுத்துப்பட்டை இல்லாமல் வராதீர்கள் என்று சொல்லும் உணவகங்கள் உலகம் முழுக்க இருக்கின்றனவே.

---

பழைய பூட்ஸ் | செவ்வாய், காலை 10.15

ஆயுதம் பற்றி மட்டும்: நான் பணியில் இருந்த காலத்தில் விடுப்பில் கிளம்புவதற்கு முன் துப்பாக்கியை ஆயுத அறையில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் விடுப்புச் சீட்டே கைக்கு வரும். இரண்டு பைகளோடு வந்து படிவம் கேட்கிறவரிடம் என்ன இருக்கும்? அழுக்குத் துணிதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் அடையாள அட்டையைக் கேட்கலாம். கேட்டால் காட்டுவோம். அதில் எந்த அவமானமும் இல்லை.

---

பழந்தாள் | செவ்வாய், பிற்பகல் 1.20

"கடை என்னுடையது" என்ற வாதம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நீதிமன்றம் ஏறியிருக்கிறது. பழைய வழக்குகளைப் படிப்பது என் பொழுதுபோக்கு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1906-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் நியூபோர்ட் என்ற கடற்படை ஊர். பிரெட் பியூன்ஸ்லே என்ற கடற்படைக்காரர் அங்கே ஒரு நடனக்கூடத்துக்குப் போனார். டிக்கெட் வாங்கியிருந்தார். மாலுமிச் சீருடையில் இருந்ததால் உள்ளே விடவில்லை. மாலுமி என்றாலே குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவன் என்ற எண்ணம் அன்றைய துறைமுக ஊர்களில் பரவலாக இருந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். அன்றைய குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வழக்குச் செலவுக்காகத் தன் பங்காக 100 டாலர் அனுப்பினார். அப்படியும் 1908-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் பியூன்ஸ்லே தோற்றார். கூடத்தின் முதலாளிக்கு யாரை உள்ளே விடுவது என்ற உரிமை இருந்தது; அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் அப்போது இல்லை.

ஆனால் அந்தத் தோல்வியோடு விவகாரம் முடியவில்லை. 1911 மார்ச் 1-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நாடகக் கொட்டகை அல்லது பொதுக் கேளிக்கை இடம் எதிலும், ராணுவச் சீருடை அணிந்திருக்கிறார் என்ற காரணத்துக்காக ஒருவரை வேறுபடுத்தி நடத்தும் உரிமையாளருக்கும் மேலாளருக்கும் ஊழியருக்கும் 500 டாலர் வரை அபராதம். மாநிலங்களுக்குள் அது செல்லாது. தலைநகர் வாஷிங்டனுக்கும் கூட்டாட்சியின் நேரடி ஆட்சியில் உள்ள பகுதிகளுக்கும் மட்டும். அந்தப் பிரிவு இன்றும் அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தொகுப்பில் 244 என்ற எண்ணோடு இருக்கிறது.

இரவுப்பணி அவர்களே, அந்தப் பிரிவில் "ஊழியர்" என்ற சொல்லும் இருப்பதைக் கவனியுங்கள். உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. முதலாளி சொன்னார், நான் செய்தேன் என்ற இடத்தில் நிற்பவரின் சங்கடத்தை அன்றைக்கே ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

இரவுப்பணி | செவ்வாய், மாலை 7.45

பழந்தாள் ஐயா, அந்தச் சொல்லை நான் கவனித்தேன். நீங்கள் சொன்னதில் வருத்தமில்லை. அதைத்தான் கேட்க வந்தேன் என்று நினைக்கிறேன்.

---

வக்காலத்து | புதன், காலை 8.00

சட்டம் பக்கம் இன்றைய நிலவரம் இதுதான்.

பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் ஒன்பது பண்புகளைப் பாதுகாக்கிறது: வயது, மாற்றுத்திறன், இனம், மதம், பாலினம் முதலியவை. ராணுவப் பணி அந்த ஒன்பதில் இல்லை. அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தில், விடுதி, உணவகம் போன்ற இடங்களுக்கான பகுதி இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகிய நான்கை மட்டுமே சொல்கிறது. நியூயார்க், வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் ராணுவ நிலையையும் சேர்த்துக்கொண்டன. மற்றபடி, சீருடைக்காரரை உள்ளே விடாத கடையை எல்லா இடத்திலும் நீதிமன்றத்தில் நிறுத்திவிட முடியாது.

பிரிட்டனில் 2011-இல் ஆயுதப்படை உடன்படிக்கை என்ற ஒன்றை வெளியிட்டார்கள். ராணுவத்தில் பணியாற்றுவதால் ஒருவருக்கு மற்ற குடிமக்களைவிட எந்தக் குறையும் நேரக்கூடாது என்பதுதான் அதன் சாரம். மேலே தூக்கி வைக்க வேண்டும் என்று அது தொடங்கவில்லை. குறை நேரக்கூடாது என்பதுதான் தொடக்கம். பிறகு 2021 சட்டத்தில் வீட்டுவசதி, மருத்துவம், கல்வி ஆகியவற்றைத் தரும் பொது அமைப்புகளுக்கு அதைக் கருத்தில் கொள்ளும் கடமை வந்தது. தனியார் நிறுவனங்கள் விரும்பினால் கையெழுத்திடலாம்; வேலை தரும் நிறுவனங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று அங்கீகாரமும் உண்டு.

கல்லாப்பெட்டி அண்ணன் கேட்ட உரிமை பற்றி: உடை விதி வைக்கலாம். ஆனால் விதி என்பது வாசலில் எழுதி வைத்து எல்லாருக்கும் ஒன்றாக இருப்பது. இரவு 11 மணிக்கு ஒருவர் முகத்தைப் பார்த்துக் காதோடு உருவாக்குவதை விதி என்று சொல்ல முடியாது. அறை பதிவை ஏற்றுக்கொண்டபோது அப்படி ஒரு நிபந்தனை இருந்ததா?

---

முகாம் முகவரி | புதன், பிற்பகல் 3.30

நானும் ராணுவத்தில் இருக்கிறேன். பெண். என் கணவர் ராணுவத்தில் இல்லை, பள்ளி ஆசிரியர்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கடைக்குப் போனோம். நான் பணி முடிந்து நேராக வந்ததால் சீருடையில் இருந்தேன். பெயர்ப்பட்டி, பதவிச் சின்னம் எல்லாம் தோளிலும் மார்பிலும் இருக்கின்றன. அவர் சாதாரணச் சட்டை. பணம் கட்டும் இடத்தில் ராணுவத்தினருக்கான அட்டையை நான் நீட்டினேன். கல்லாவில் இருந்தவர் அட்டையை வாங்கி, என் கணவரைப் பார்த்து, "சார், எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள்?" என்றார். சீருடை என் மேல் இருக்கிறது. அவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை! என் கணவர், "அவர்களிடம் கேளுங்கள்" என்றார். அப்போதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது கணவர் அட்டையா அம்மா?" என்று கேட்டார்.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. எங்கள் படைப்பிரிவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இப்படி ஒன்று சொல்வாள்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. சிரித்துக்கொண்டே சல்யூட் அடிக்கும் நிறுவனங்கள் பணம் என்று வரும்போது எப்படி நடந்துகொள்கின்றன என்று பாருங்கள். என் தம்பி நிச்சயதார்த்தத்துக்காக மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுத்தேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு எல்லாருடைய விடுப்பும் ரத்து. நானாக மாற்றவில்லை, ஆணை வந்தது. ஆணைக் கடிதத்தை அனுப்பியும், "இந்த வகை டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது" என்று ஒரே வரி. அதே நிறுவனத்தின் விளம்பரத்தில் சீருடைக்காரர் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அந்தப் படத்தை எடுத்துவிட்டு, திரும்பத் தரும் விதியை ஒரு வரி மாற்றினால் போதும். எங்களுக்கு அதுதான் பெரிது.

---

வக்காலத்து | புதன், மாலை 5.10

முகாம் முகவரி அவர்கள் தொட்ட இடம்தான் விஷயத்தின் வேர். ராணுவத்தினர் நிறுவனங்களிடம் படும் பாட்டில் பாதி, அவர்கள் எப்போது எங்கே இருப்பார்கள் என்பது அவர்கள் கையில் இல்லாததால் வருகிறது. வீட்டு வாடகை ஒப்பந்தம், தொலைபேசி இணைப்பு, கடன் தவணை எல்லாமே "ஓராண்டு இங்கேயே இருப்பேன்" என்ற அனுமானத்தில் எழுதப்படுபவை.

இதை ஒரு சட்டமாகவே எழுதிய நாடு அமெரிக்கா. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இடமாற்ற ஆணையோ 90 நாளுக்குக் குறையாமல் வேறிடத்துப் பணிக்கு அனுப்பும் ஆணையோ வந்தால் வாடகை ஒப்பந்தத்தை அபராதம் இல்லாமல் முடித்துக்கொள்ளலாம். பணியில் சேரும் முன் வாங்கிய கடனுக்கு, பணிக்காலத்தில் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. 2006-இல் இன்னொரு சட்டம்: முகாம் வாசல்களில் கடை விரித்து இளம் சிப்பாய்களுக்கு அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களைத் தடுக்க, ஆண்டுக்கு 36 சதவீதம் என்று உச்சவரம்பு. 18, 19 வயதில் முதல் சம்பளம் வாங்கும் பிள்ளையைக் குறிவைத்த கடைகள் அவை. அவற்றின் பெயர்ப்பலகைகளிலும் ராணுவத்துக்கு வணக்கம்தான் எழுதியிருந்தது.

---

நீலச்சட்டை | புதன், இரவு 9.00

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். யாரும் கோபிக்க வேண்டாம்.

நான் துப்புரவுப் பணியாளர். எனக்கும் சீருடை உண்டு. வேலை முடிந்து சீருடையோடு கடைக்குள் போனால் என்ன நடக்கும் தெரியுமா? மூக்கைப் பிடிப்பார்கள். பாக்கியைக் கையில் தராமல் மேசையில் வைப்பார்கள். மருத்துவமனைச் செவிலியர்களும் இரவு முழுக்க நின்றுவிட்டு வருகிறார்கள். ராணுவத்தினர் மதிக்கப்பட வேண்டும், சரி. ஆனால் மரியாதை என்பது எந்தச் சீருடை என்று பார்த்து அளந்து கொடுப்பதாக ஏன் இருக்கிறது?

---

பழைய பூட்ஸ் | புதன், இரவு 9.40

தம்பி, நான் ஏன் கோபிக்கப் போகிறேன்? பாக்கியை மேசையில் வைக்கிறார்கள் என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் என்னை உலுக்கியது அதுதான்.

நான் கேட்பதும் நீங்கள் கேட்பதும் ஒன்றே. வாசலில் நுழைகிற ஆளை ஆளாகப் பார்ப்பது. அறை பதிவு செய்தவருக்கு அறை, காசு கொடுத்தவருக்குப் பொருள், பாக்கி கையில். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். உங்களுக்கு அதற்குக் கீழ் எதுவும் நடக்கக்கூடாது.

---

பழந்தாள் | வியாழன், காலை 7.15

நீலச்சட்டை நண்பர் சொன்னதற்கு வரலாறு முழுக்கச் சாட்சி இருக்கிறது. சீருடைக்கு மரியாதை என்கிறோம். ஆனால் அதை அணிந்தவர் யார் என்று பார்த்துவிட்டுத்தான் அந்த மரியாதை வெளியே வருகிறது.

டேனியல் இனோயே ஜப்பானிய வம்சாவளியில் வந்த அமெரிக்கர். 1945 ஏப்ரலில் இத்தாலியில் நடந்த சண்டையில் வலக்கையை இழந்தார். ஊர் திரும்பும் வழியில் ஸான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் முடிதிருத்தும் கடை ஒன்றுக்குப் போனார். உடம்பில் அதிகாரிச் சீருடை, மார்பில் பதக்கங்கள், கை இருந்த இடத்தில் இரும்புக் கொக்கி. ஜப்பானியனுக்கு முடி வெட்ட மாட்டோம் என்று கடைக்காரர் அனுப்பிவிட்டார். இனோயே பின்னாளில் ஹவாய் மாநிலத்தின் செனட்டராக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இருந்தவர். அந்தக் கடையைப் பற்றிக் கடைசிவரை பேசினார்.

1952 ஆகஸ்ட் 1. சாரா கீஸ், ராணுவப் பெண்கள் படையைச் சேர்ந்தவர், கறுப்பினத்தவர். விடுப்பில் வீட்டுக்குப் போகிறார், சீருடையில். நள்ளிரவில் வட கரோலினாவின் ரோனோக் ராபிட்ஸ் என்ற ஊரில் புதிதாக ஏறிய பஸ் ஓட்டுநர், இருக்கையை மரைன் படையைச் சேர்ந்த ஒரு வெள்ளை வீரருக்கு விட்டுக்கொடுக்கச் சொல்கிறார். இருவரும் படையில்தான் இருக்கிறார்கள்! சாரா எழ மறுத்தார். மற்றப் பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, இவரைக் கைது செய்து இரவு முழுக்கச் சிறையில் வைத்தார்கள். 25 டாலர் அபராதம் வேறு. டவி ரவுண்ட்ரீ என்ற வழக்கறிஞர் அவருக்காக வாதாடினார். அவரும் அதே பெண்கள் படையில் இருந்தவர். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்களில் இனம் பார்த்து இருக்கை ஒதுக்கக்கூடாது என்று 1955 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கறுப்பின உரிமைப் போராட்டத்தின் அடையாளமாகிவிட்ட ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் எழ மறுத்தது அதற்கு அடுத்த மாதம்.

இரவுப்பணி அவர்களின் மேலாளர் சொன்ன காரணம் என்னை வேறொரு சம்பவத்துக்குக் கொண்டுபோனது. ஃபெலிக்ஸ் லாங்கோரியா என்ற மெக்சிகோ வம்சாவளிச் சிப்பாய் 1945-இல் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். உடல் 1949-இல்தான் டெக்சஸின் த்ரீ ரிவர்ஸ் என்ற சொந்த ஊருக்கு வரவிருந்தது. இறுதிச்சடங்கு நிலையத்தின் வழிபாட்டுக் கூடத்தை அவர் மனைவி கேட்டார். நிலையத்தை நடத்தியவர் மறுத்தார். அவர் சொன்ன காரணம்: வெள்ளையர்களுக்குப் பிடிக்காது. தனக்குப் பிடிக்காது என்று சொல்லவில்லை. மற்றவர்களுக்குப் பிடிக்காது, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள், அவ்வளவுதான். செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் தலையிட்டு, 1949 பிப்ரவரி 16-இல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர்கள் எல்லாரும் இப்படி என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. 1943 ஜூனில் இங்கிலாந்தின் பாம்பர் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள். ஊர் மதுக்கடைகளில் அவர்களைத் தனியே பிரிக்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவத் தரப்பு கேட்டது. ஊரில் இருந்த மூன்று கடைகளும் பலகை மாட்டின: கறுப்பினப் படையினருக்கு மட்டும் அனுமதி. யாரோடு ஒன்றாக உட்கார்ந்து பேசிப் பழகினார்களோ அவர்களின் பக்கம் நின்றார்கள். அடுத்த சில நாளில் அந்த ஊர்த் தெருவில் ராணுவக் காவலர்களோடு ஏற்பட்ட மோதலில் ஒரு சிப்பாய் சுடப்பட்டு இறந்தார் என்பது தனிச் சோகம். ஆனால் அந்தப் பலகைகளை மாட்டியவர்கள் சாதாரணக் கடைக்காரர்கள். வாடிக்கையாளர் என்ன நினைப்பார்களோ என்ற கணக்கு அவர்களுக்கும் இருந்திருக்கும்.

---

கல்லாப்பெட்டி | வியாழன், பிற்பகல் 12.50

முழுவதும் படித்தேன். சில விஷயங்களில் என் எண்ணம் மாறியிருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

என் கடைத் தள்ளுபடிப் பலகை கல்லாவுக்கு நேர் மேலே இருக்கிறது. அட்டையைக் கேட்கும்போது நான் சத்தமாகவே கேட்பேன், மற்றவர்களும் கேட்கட்டும், ராணுவத்துக்கு இங்கே மரியாதை உண்டு என்று தெரியட்டும் என்று. இன்று காலை ஒரு முன்னாள் ராணுவத்தினர் வந்தார், அடிக்கடி வருபவர். அவர் ஒருநாளும் தள்ளுபடி கேட்டதில்லை. ஏன் என்று இன்றுதான் கேட்டேன். "எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், கூச்சமாக இருக்கிறது" என்றார். நான் யாருக்காகச் சத்தம் போட்டேன் என்று எனக்கே உறைத்தது.

ஏமாற்றுகிறவர்கள் பற்றி நான் சொன்னதும் பொய்யில்லை. அதற்கு என்ன செய்வது?

---

வக்காலத்து | வியாழன், பிற்பகல் 2.25

அதற்குச் சட்டம் இருக்கிறது அண்ணா. சிப்பாய் அல்லாதவர், தன்னைச் சிப்பாய் என்று நம்ப வைக்கும் நோக்கத்தோடு அந்த உடையை அணிவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140-ஆவது பிரிவிலேயே குற்றமாக இருந்தது. பிரிட்டனில் 1894-லிருந்தே சீருடைச் சட்டம் உண்டு. அமெரிக்காவில் 2006-இல், பெறாத பதக்கத்தைப் பெற்றதாகச் சொன்னாலே குற்றம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2013-இல் திருத்தி எழுதினார்கள்: பணமோ வேறு ஆதாயமோ பெறுவதற்காகப் பொய் சொன்னால்தான் குற்றம். உங்கள் கடையில் நடந்தது அந்த வகை.

ஒருவன் ஏமாற்றியதற்காக அடுத்து வரும் ஐம்பது பேரைச் சந்தேகிக்க வேண்டாம். அட்டையைத் தாழ்ந்த குரலில் கேளுங்கள், யார் நீட்டுகிறாரோ அவரைப் பார்த்துப் பேசுங்கள். அது ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும்.

---

முகாம் முகவரி | வியாழன், பிற்பகல் 2.40

கடைசி வரிக்கு நன்றி.

---

இரவுப்பணி | சனி, அதிகாலை 3.00

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழன் மாலை மேலாளரிடம் பேசினேன். முதலில், "அதையா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்றார். வக்காலத்து அவர்கள் கேட்ட கேள்வியையே கேட்டேன்: பதிவு செய்தபோது அப்படி ஒரு நிபந்தனை இருந்ததா? இல்லை என்றார். இனி யாரையாவது அப்படிச் சொல்ல வேண்டுமானால் நீங்களே நேரில் சொல்லுங்கள், என்னால் முடியாது என்றேன். இத்தனை ஆண்டில் அவரிடம் முதல்முறையாக "முடியாது" என்று சொன்னேன். கை நடுங்கியது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்று கூட்டத்தைப் பார்த்து நானும் பதறிவிட்டேன்" என்றார். எழுத்தில் ஒன்றும் வரவில்லை. ஆனால் நேற்று இரவு பணி மாற்றத்தின்போது எல்லாரையும் வைத்து, பதிவோடு வருகிறவரை உடையைக் காரணம் காட்டிக் காக்க வைக்கக்கூடாது என்று அவரே சொன்னார். நீலச்சட்டை அண்ணா, "எந்த உடையானாலும்" என்ற வார்த்தைகளை நான்தான் சேர்க்கச் சொன்னேன்.

அந்த விருந்தினருக்குப் பதிவில் இருந்த மின்னஞ்சலுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எதுவும் விளக்கவில்லை, நான் சொன்னது தவறு என்று மட்டும் எழுதினேன். நேற்று பதில் வந்தது. பரவாயில்லை என்று ஒரு வரி. அடுத்த வரியில், அன்று கழிவறையில் உடை மாற்றும்போது சீருடை பெல்ட்டைக் கொக்கியில் மாட்டி மறந்துவிட்டதாகவும், கிடைத்ததா என்றும் கேட்டிருந்தார்.

---

பழைய பூட்ஸ் | சனி, காலை 5.50

கிடைத்ததா? அணிவகுப்பில் பெல்ட் இல்லாமல் நிற்க முடியாது சகோதரி. பாவம், யாரிடமாவது கடன் வாங்கிச் சமாளித்துக்கொண்டிருப்பார்.

---

இரவுப்பணி | சனி, காலை 6.20

கிடைத்தது ஐயா. தவறவிட்ட பொருள்கள் அலமாரியில், "பெல்ட், உரியவர் தெரியவில்லை" என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். பித்தளைக் கொக்கியில் கைரேகை படிந்திருந்தது, துடைத்துவிட்டேன். பணி முடிந்து போகும் வழியில் கூரியரில் சேர்க்கிறேன். முகவரி எழுதும்போது படிவத்தை எடுத்துப் பார்த்து, பெயருக்கு முன்னால் அவருடைய பதவியையும் எழுதியிருக்கிறேன்.